ஒட்டகச்சிவிங்கி அருகே வரவும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது, அதாவது சொல்வது.

இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கையும் நலம். என் வலது மணிக்கட்டு மட்டும் நலமில்லை, அதுவும் ஐந்து வாரத்தில் எங்களோடு சேர்ந்துகொள்ளும் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருப்பவரும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். கையெழுத்து அழகாக இருப்பதைப் பார்த்ததுமே இது நான் எழுதியதில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். உன் தங்கை பூனைதான் எழுதுகிறாள். வீட்டுக்குள் நடந்தால் சத்தமே கேட்பதில்லை என்று நீ அவளுக்கு வைத்த பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது, நடையும் அப்படியே இருக்கிறது. நான் வாய்க்கு வந்தபடி பேசுவதை அவள் பேனாவில் சரிசெய்து போட்டுக்கொள்கிறாள், அதனால் இந்தக் கடிதத்தில் நான் கொஞ்சம் படித்தவன் மாதிரி தெரிவேன், நம்பிவிடாதே. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனை உன் அம்மா வாங்கினால் நீயும் அவளும் இரண்டாவது நிமிஷத்தில் அழ ஆரம்பித்துவிடுகிறீர்கள், அதற்குப் பிறகு என்னிடம் வரும்போது அங்கே மணி என்ன என்று மட்டும்தான் கேட்க முடிகிறது. அதனால் கடிதம்.

போன மாதம் நீ ஒன்று கேட்டாய். பிரசவத்துக்கு முன்பே பூனையை அங்கே அனுப்பி வையுங்கள், குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை என்னோடு இருக்கட்டும், அவளும் பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று வருஷமாக வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று சொன்னாய். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். பூனையையும் கேட்டோம், தலையாட்டினாள். அவள் எதற்குத்தான் தலையாட்டவில்லை. சும்மா இருக்கிறாள் என்பது மட்டும் சரியில்லை, கீழ்வீட்டுத் தையல்காரருக்குப் பட்டன் துளை எல்லாம் அவள்தான் போட்டுக் கொடுக்கிறாள், ஒரு சட்டைக்கு ஏழு. அதை விடு. நீ கேட்டதற்கு என் பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. தாவிப் போய்ப் படிக்காதே. நடுவில் இருப்பதைப் படிக்காமல் கடைசியைப் படித்தால் உனக்குக் கோபம்தான் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனோம். ஊருக்கு வெளியே, பெரிய சாலையை ஒட்டி இருக்கிறதே, அதுதான். அந்தப் பூங்காவின் அலுவலகக் கட்டடத்தில் ஒரு லிப்ட் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்னால் அது இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே மேலாளர். நான் போய் இருபது நிமிஷத்தில் இறக்கிவிட்டேன். வெளியே வந்த மனுஷர் என் கையைப் பிடித்துக்கொண்டு, குடும்பத்தோடு ஒருநாள் வாங்க என்று மூன்று பாஸ் கொடுத்தார். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வந்ததும் முதல் பத்து நிமிஷத்துக்கு மிகவும் நல்லவர்களாக இருப்பார்கள், எதையும் அப்போதே வாங்கிவிட வேண்டும். காலையில் கிளம்பும்போது உன் அம்மா என் பையைத் திறந்து பார்த்து, ஸ்பேனரையும் டெஸ்டரையும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். இன்னிக்கு ஒருநாள் மனுஷன் மாதிரி வாங்க என்றாள். ரொட்டியும் வேகவைத்த முட்டையும் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலும் மட்டும் எடுத்துக்கொண்டோம். காலுறைக்குள் ஒரு ஸ்க்ரூடிரைவர் வைத்திருந்தேன், அதை வாசலில் காவலாளி எடுத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார். காதில் சொருகியிருந்த பென்சிலை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

உனக்கு என் வேலை தெரியும். மாப்பிள்ளையும் படிப்பார் என்பதற்காகச் சொல்கிறேன். ஓடுகிற இயந்திரத்தின் உடம்பில் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். பேரிங் போய்விட்டதா, கிரீஸ் வற்றிவிட்டதா, எல்லாமே. ஸ்க்ரூடிரைவர் இல்லாவிட்டால் பென்சிலும் போதும். ஆகவே அங்கே ஒவ்வொரு ராட்டினத்தின் பக்கத்திலும் போய் நின்று, மூன்று சுற்று கேட்டுவிட்டு, சரி ஏறலாம் என்று நான் சொன்ன பிறகுதான் இவர்கள் இரண்டு பேரும் ஏறலாம் என்று ஏற்பாடு. பூனை எப்போதும் போலத் தலையாட்டினாள். உன் அம்மா கேட்கவில்லை. உன் அம்மா எப்படிப்பட்டவள், லிப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருஷமாக ஒருநாள்கூட லிப்டில் ஏறாதவள். தான் வேலை பார்க்கும் சலவைக்கடையில் இஸ்திரி போட்ட துணியை ஐந்தாவது மாடிக்குக் கொடுக்க வேண்டுமானாலும் படியேறித்தான் போவாள். பெட்டிக்குள்ள போய் நிக்கறது எனக்கு ஆகாது என்பாள். ஏதாவது ஆட்டம் ஆடினால் மயக்கம் போட்டுவிடுவாளோ என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். சங்கிலியில் தொங்கவிட்ட ஊஞ்சல்களை வட்டமாகச் சுற்றி மேலே தூக்குகிற ராட்டினம் ஒன்று அங்கே இருக்கிறது. நான் அதன் மோட்டாரை இன்னும் கேட்டு முடிக்கவில்லை, திரும்பிப் பார்த்தால் உன் அம்மா மேலே போய்க்கொண்டிருக்கிறாள். செருப்பு இரண்டும் கீழே பூனையின் கையில். இறங்கி வந்ததும், எப்படிம்மா இருந்தது என்றுகூடக் கேட்கவிடாமல் நேராக மறுபடி வரிசையில் போய் நின்றாள். இதுல சுவரே இல்லையே என்று மட்டும் சொன்னாள். அப்படியே மூன்று முறை. (மூன்று இல்லை நான்கு என்று அம்மா பக்கத்து அறையிலிருந்து சொல்கிறார் – பூனை.)

நீ ஆறு வயதில் இப்படி ஓர் இடத்துக்கு வந்து, சின்னக் குதிரையில் அரைச் சுற்று போனதும் என் கருவிப்பையைக் கேட்டு வாங்கி அதற்குள் வாந்தி எடுத்தாயே, அந்த ரத்தம் உனக்கு என் பக்கத்திலிருந்து வந்தது என்று இப்போது தெளிவாகிவிட்டது. பிளையர் இரண்டு மாதம் நாற்றமடித்தது. மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்றால் இந்த இரண்டு வரியை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு கொடு.

உன் அம்மா ஊஞ்சலிலேயே குடியிருந்ததால், நான் பூனையிடம் ஒரு இடத்தைச் சொல்லி நிற்கச் சொன்னேன். சிமெண்டில் செய்த ஒட்டகச்சிவிங்கி ஒன்று இருக்கிறது, இரண்டு மாடி உயரம், எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். கால் மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ராட்சத ராட்டினத்தின் பின்பக்கமாகப் போனேன். அதிலிருந்து க்ரீச் க்ரீச் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டுவிட்டு ஒரு மெக்கானிக்கால் சும்மா போக முடியாது. ராட்டினத்தை ஓட்டுகிறவர் நல்ல மனுஷர், பாருங்கண்ணே என்று வேலிக்கு உள்ளே விட்டார். தூணில் பென்சிலை வைத்துக் கேட்டேன், அச்சில் வைத்துக் கேட்டேன், குனிந்து கேட்டேன், படுத்தும் கேட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை, வெளியே மட்டும் க்ரீச். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடைசியில் பார்த்தால் அது வேலிக்கு அந்தப் பக்கம் பாப்கார்ன் வண்டியின் முன்சக்கரம். நான் அந்த வண்டிக்காரரிடம் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள் என்று சொன்னேன். அவர் என்னிடம் சிறியதா பெரியதா என்று கேட்டார்.

இதற்கு நடுவில் ஒட்டகச்சிவிங்கியின் கீழே என்ன நடந்தது என்பதை அறிவிப்பு அறையில் இருக்கும் பெண்மணிதான் பிறகு எனக்குச் சொன்னார், பூனையாகச் சொல்லவில்லை. இவள் அம்மாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் நின்றிருக்கிறாள். வழி கேட்பதென்றால்கூட யாரிடமாவது பேச வேண்டுமே. வகுப்பில் எழுந்து படி என்றால் தொண்டை அடைத்துக்கொண்டு நின்றதையும், பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்ததையும், அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகாததையும் நீ அறிவாய். அப்படிப்பட்டவள் தானாகவே நடந்து போய் அறிவிப்பு அறையின் கதவைத் தட்டியிருக்கிறாள். உள்ளே அந்தப் பெண்மணிக்குத் தொண்டை கட்டிப்போய்க் காற்று மட்டும்தான் வருகிறது. யாரைக் காணோம், எழுதிக் கொடு என்று ஒரு தாளை நீட்டியிருக்கிறார். பூனை எழுதிக் கொடுத்தாள். அவர் மைக்கில் இரண்டு வார்த்தை படித்துப் பார்த்தார், கதவுக் கீல் மாதிரி ஒரு சத்தம் வந்தது, நிறுத்திவிட்டார். நீயே படிச்சிடும்மா என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். பூனை பின்னாலேயே நகர்ந்திருக்கிறாள். அப்போது அவர் ஒன்று சொன்னாராம். “இங்க பாரு, முன்னாடி சுவர்தான் இருக்கு. உன்ன யாரும் பாக்க மாட்டாங்க, நீயும் யாரையும் பாக்க வேணாம். படி.”

நான் அப்போது பாப்கார்ன் வண்டியிலிருந்து திரும்பி ராட்டினக்காரரிடம் என் கண்டுபிடிப்பைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே கம்பத்தில் ஒலிபெருக்கி. அதில் ஒரு பெண் குரல் வந்தது. மணி மாதிரி என்று சொல்லமாட்டேன், மணி இரைச்சல்தான் போடும். எண்ணெய் விட்ட சக்கரம் மாதிரி, ஒரு சொல்லும் இன்னொரு சொல்லோடு உரசாமல், நிதானமாக வந்தது. அது சொன்னதை இரண்டு முறை கேட்டதால் எனக்கு மனப்பாடம். “லிப்ட் மெக்கானிக் ஒருவரின் கவனத்துக்கு. வெள்ளைச் சட்டை, வலது காதில் பென்சில். நீங்கள் தொலைந்துபோகவில்லை என்று சொல்வீர்கள். இருந்தாலும் ஒட்டகச்சிவிங்கி அருகே வரவும். உங்கள் மனைவி சங்கிலி ஊஞ்சலில் இருக்கிறார். அவருக்கும் இதே செய்தி.” சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மகளே. சிரித்துவிட்டு ராட்டினக்காரரிடம், “யாரு இந்தப் பொண்ணு, நல்ல குரலா இருக்கே, எந்தப் பூங்கால வேலை பாத்துட்டு வந்துச்சோ. அது சரி, எந்த மடையன் குடும்பத்த விட்டுட்டு இங்க சுத்திட்டு இருக்கான்?” என்று கேட்டேன். அவர் என் வலது காதைப் பார்த்தார். நான் கையை வைத்துப் பார்த்தேன். பென்சில் இருந்தது.

ஏழாவது மாடியில் ஓடுகிற மோட்டாரைக் கீழே நின்றே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான் என்று என்னைக் கம்பெனியில் சொல்வார்கள். பெற்ற பிள்ளையின் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மூன்று வருஷமாக வீட்டில் அவள் குரல் மின்விசிறி சத்தத்தைத் தாண்டியதில்லை, நானும் மின்விசிறியை நிறுத்திப் பார்த்ததில்லை. இதை எழுதாதே அப்பா என்கிறாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

அது அவள்தான் என்று புரிந்ததும் ஓடினேன். வழியில் பொம்மை ரயிலுக்கு ஒரு நடைமேடை இருக்கிறது, உயரம் இரண்டு படி. இரண்டு வயதுக் குழந்தைகள் அதில் ஏறி இறங்குகிறார்கள். நான் அதில்தான் விழுந்தேன். அத்தனை இயந்திரத்தையும் காது வைத்துச் சோதித்தவன், இந்தப் படியைச் சோதிக்கவில்லை. ஊஞ்சலில் சுற்றிக்கொண்டிருந்த உன் அம்மா மேலிருந்து நான் விழுவதைப் பார்த்திருக்கிறாள். சுற்று முடியாமல் இறங்க முடியாது, அதனால் ஒவ்வொரு முறை என் பக்கம் வரும்போதும் என்னங்க என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒன்றுமில்லை என்று நான் ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

முதலுதவி அறையில் கையை ஒரு அட்டையில் வைத்துக் கட்டினார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். வெறும் சுளுக்குதான், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் உட்கார்ந்துவிட்டேன். வலியில் உயிர் போனது. ஆனால் அந்த அறையிலும் சுவரில் ஒரு ஒலிபெருக்கி இருந்தது. அந்தத் தொண்டை கட்டிய பெண்மணி பூனையை விடவில்லை, வந்த தாளையெல்லாம் அவள் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார். அடுத்து என்ன வரும் என்று எனக்குக் கேட்க வேண்டியிருந்தது. நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தன் அம்மா தொலைந்துபோய்விட்டதாகப் புகார் செய்திருக்கிறான், அந்த அம்மா உடனே அறிவிப்பு அறைக்கு வந்து கண்டுபிடிக்கப்படவும் என்று சொன்னாள். நீர்ச்சறுக்கின் அடியில் ஒரு பல்செட் கிடைத்திருக்கிறது, உரியவர் வந்து பெற்றுக்கொள்ளலாம், அடையாளம் சொல்ல வேண்டியதில்லை என்று சொன்னாள். கட்டுப் போட்டவர் சிரித்துக்கொண்டே கட்டை இறுக்கினார், நான் அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். உன் அம்மா என் பக்கத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். இது நம்ம பூனைதானா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்கு மட்டும் ரொம்பத் தெரிந்தது மாதிரி.

மாலையில் மேலாளர் அங்கே வந்தார். அந்தப் பெண்மணிக்கு இனிமேல் அதிகம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு மாற்றப் போகிறார்களாம். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அந்த வேலைக்கு உங்கள் பெண் வரட்டும், இருபத்தைந்தாம் தேதிக்குள் சொல்லுங்கள் என்றார். ஒன்பதாவது பாதியில் நின்றுவிட்டாளே என்று நான் சொன்னேன். இங்கே பரீட்சை ஒன்றும் வைக்கவில்லை, எழுதினதைப் படிக்கத் தெரிந்தால் போதும், எழுதிக்கொள்ளவும் தெரிகிறது என்றார். அதற்குள் எங்களிடம் வந்துவிட்டிருந்த பூனை ஜன்னல் வழியாக ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அக்கா வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது, அவள் அக்காவுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது என்று நானே பதில் சொன்னேன். ஏன் சொன்னேன் என்றால், உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் சரி, யோசிங்க என்று சொல்லிவிட்டு, படியேறித் தன் அறைக்குப் போனார். லிப்டை இன்னும் அவர் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து இந்த நாலு நாளில் பூனையிடம் மூன்று முறை கேட்டேன். உங்க இஷ்டம்ப்பா என்றாள். அக்கா வீட்டுக்குப் போகிறாயா என்றால் தலையாட்டினாள், வேலைக்குப் போகிறாயா என்றாலும் தலையாட்டினாள். இரண்டு தலையாட்டலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சரி, சொன்ன சொல் சொன்னதுதான், பெரியவளுக்கு எழுதி முடிவு பண்ணிவிடுவோம் என்று இன்றைக்கு இவளை உட்கார வைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். நீ கேட்டபடியே பூனையை அடுத்த மாதம் அனுப்பி வைக்கிறேன் என்பதுதான் இந்த இடத்தில் வர வேண்டிய வரி. சொன்னேன். பேனா நின்றுவிட்டது.

பேனா தாளில் ஓடுவதற்கும் ஒரு சத்தம் உண்டு. மேலே உள்ள இத்தனை பக்கமும் அது ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது, பல்செட் வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடியது. இப்போது நின்றுவிட்டது. மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன், இல்லை என்றாள். கை வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். அப்புறம் என்ன, எழுது என்றேன். “எழுத வரலப்பா,” என்றாள். எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து, இன்னொரு தடவை சொல்லு என்றேன். சொன்னாள். சரி, அந்த வரியை விட்டுவிடு, பேனா நின்றதை எழுது என்று சொன்னேன். அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள், பேனா மறுபடி ஓடுகிறது.

ஆகவே மகளே, பூனை இங்கேயே இருப்பாள். முதல் தேதியிலிருந்து வேலைக்குப் போவாள். உன்னிடம் சொன்ன சரியை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை, உனக்குத் துணை வேண்டும், அதை நான் மறக்கவில்லை. யாரிடம் கேட்க வேண்டுமோ அவளைச் சரியாகக் கேட்காமல் நான்தான் பதில் சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் என் மேல் வை, இவள் மேல் வைக்காதே. உனக்கு என்ன ஏற்பாடு என்று நான் யோசிப்பதற்குள் பக்கத்து அறையில் இஸ்திரிப் பெட்டியை வைக்கிற சத்தம் கேட்டது. உன் அம்மா வாசலில் வந்து நின்று, “சின்னப் பிள்ளைக்குப் பிள்ளை வளக்க என்ன தெரியும்? நான் போறேன்,” என்றாள். விமானமும் ஒரு பெட்டிதானே, உனக்கு ஆகாதே என்றேன். ஜன்னல் இருக்குல்ல, போதும் என்றாள். நான்கு முறை ஊஞ்சலில் போனவளிடம் என்ன பேசுவது. சலவைக்கடையில் நாளைக்கே சொல்லிவிடுவாள். அவளை ஜன்னல் ஓரத்தில் உட்கார வைக்கும்படி மாப்பிள்ளையை டிக்கெட் போடச் சொல். இன்னொரு விஷயம், நீங்கள் இருப்பது பதினோராவது மாடி. உன் அம்மா படியேறித்தான் வருவாள். மூன்று மாடிக்கு ஒரு நாற்காலியாவது போட்டு வைக்க முடியுமா என்று அவரைக் கேட்டுப் பார்.

வேளைக்குச் சாப்பிடு. நின்றுகொண்டு சாப்பிடாதே. உங்கள் கட்டடத்து லிப்டில் ஏறும்போது கதவு மூடுகிற நேரத்தில் டக் டக் என்று இரண்டு முறை சத்தம் வந்தால் எனக்கு எழுது, ஒரு முறை வந்தால் கவலையில்லை. குளியலறையில் மெதுவாக நட, இரண்டு படி உயரம் என்ன செய்யும் என்று உனக்கு எழுதிவிட்டேன். நீங்கள் இருவரும், வரப்போகிறவரும், எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அந்தக் குழந்தை எப்போது அழுதாலும் அது எதற்கு அழுகிறது என்று முதல் சத்தத்திலேயே உனக்குத் தெரிய வேண்டும், இது என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
இடது கையால் கையெழுத்துப் போடும்
உன் அப்பா

அக்கா, இது நான். கோபமா? தொட்டிலுக்கு விரிப்பு தைத்து அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். கடிதத்தை மூடுவதற்கு முன்னால் முழுவதையும் படித்துக்காட்டச் சொன்னார் அப்பா. சுவரைப் பார்த்து உட்கார்ந்து படித்தேன். பாப்கார்ன் வண்டி வந்த இடத்தில் கீழ்வீட்டில் தையல் இயந்திரம் நின்றுவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார், நான் நிறுத்தவில்லை. முடித்ததும் தையல்காரர் கீழேயிருந்து, “பூனை எங்க இருக்கப் போகுதுன்னு சொன்ன இடம் மட்டும் சரியா கேக்கல, பஸ் போயிடுச்சு. இன்னொரு தடவ படிம்மா,” என்றார்.

படித்தேன்.